அரேப்பாவும் எங்கள் வீட்டு அடையும்

நான் இட்டார்சி சந்திப்பில் பார்சல் குமாஸ்தாவாகப் பணிபுரிபவன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. உத்தியோகம் 19 ஆண்டுகளாக நடக்கிறது. புலவர்களும் ஆசிரியர்களும் எழுதும் நம் சங்க இதழில் நானும் எழுதத் துணிந்தமைக்குக் காரணம், சென்ற கார்த்திகையில் என் வீட்டு அடுப்படியில் நிகழ்ந்த ஒன்றுதான். தமிழகத்தை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது பொருந்தும் என்று எண்ணியே எழுதுகிறேன்.

ரயிலேறும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு உண்டு. அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், புறப்பட்ட ஊர், சேர வேண்டிய ஊர் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். சீட்டுக் கிழிந்துபோன மூட்டை படும் பாட்டை நான் நன்கறிவேன். உள்ளே பட்டுச் சேலையே இருந்தாலும், இன்னாருடையது என்று சொல்ல ஆளின்றி அது கிடங்கின் மூலையில் கிடக்கும். இவ்வளவு அறிந்த நான், என் வீட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தின் சீட்டு கிழிந்ததை மட்டும் கவனியாமல் இருந்துவிட்டேன்.

என் மகளுக்கு வயது 11. ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு நாள் மாலை, பக்கத்து வரிசைக் குடியிருப்பில் வசிக்கும் நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து, "உங்கள் வீட்டுச் சீலா மிகவும் நன்றாக இருந்ததாம், என் பையன் நாள் தவறாமல் சொல்கிறான்" என்றார். சீலா என்பது இப்பக்கத்தார் கடலை மாவைக் கரைத்து வார்க்கும் பண்டம் என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்வதே இல்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன்.

"அது நம் அடைதான் அப்பா. அடை என்றால் யாருக்கும் தெரியவில்லை. அது என்ன, அது என்ன என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சீலா என்றால் ஒன்றும் கேட்காமல் வாங்கித் தின்கிறார்கள்" என்றாள்.

எனக்குச் சினம் பொங்கிற்று. "நாளைக்கு உன் பெயரைக் கேட்டுச் சிரித்தால் அதையும் மாற்றிக்கொள்வாயா?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். குழந்தை முகம் வாடி உள்ளே போய்விட்டது. என் அன்னையார் திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் பேசாதிருந்தது எனக்கு மேலும் வருத்தமாயிற்று. அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழிந்தது. பள்ளியில் உலக நாடுகளின் ரொட்டிகளைப் பற்றிப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பேசவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் மகளுக்கு வெனிசுவேலா என்னும் நாடு வந்தது. தென் அமெரிக்காவின் வடகோடியில், கரிபியன் கடலை நோக்கியிருக்கும் நாடு அது. அங்கு மக்கள் நாள்தோறும் உண்பது அரேப்பா என்னும் மக்காச்சோள ரொட்டி என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். நான் அப்பெயரைக் கேட்டதே இல்லை. சினந்து பேசியதற்குப் பரிகாரமாக, நானே உடனிருந்து உதவுவதாக மகளிடம் சொன்னேன். பணி முடிந்து வந்து மூன்று மாலைப்பொழுதுகள் இருவரும் சேர்ந்து கைபேசியிலும் புத்தகங்களிலும் தேடிப் படித்தோம்.

அரேப்பா நம் சப்பாத்தி போல மெல்லியதன்று. ஒரு விரல் கனத்தில் உள்ளங்கையளவு வட்டமாகத் தட்டி, கல்லில் இட்டு இருபுறமும் வாட்டுவார்கள். வெளியே மொரமொரப்பும் உள்ளே பூப்போன்ற மென்மையும் கூடிவர வேண்டும். விரலால் தட்டினால் உள்ளே கூடாக ஒலிக்குமானால் வெந்துவிட்டது என்று பொருள். பின்பு அதை வகிர்ந்து, உள்ளே பாலாடைக் கட்டியோ கறியோ வைத்து உண்பர். அண்டை நாடான கொலம்பியாவிலும் இதுவே அன்றாட உணவு. அங்குக் கடற்கரைப் பகுதியில் அரேப்பாவைப் பொரித்து, உள்ளே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மீண்டும் பொரிப்பதுண்டு. அரேப்பா யாருடையது என்று இவ்விரு நாட்டாரும் வழக்காடிக்கொள்வர். ஆனால் இவ்விரு நாடுகளும் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அரேப்பா தோன்றிவிட்டது.

பெயரின் கதைதான் எங்களை வியப்பில் ஆழ்த்தியது. வெனிசுவேலாவின் வடகிழக்குக் கடற்கரையில் குமனாகோட்டோ என்னும் பழங்குடியார் வாழ்ந்தனர். அவர்கள் மொழியில் 'எரேப்பா' என்றால் மக்காச்சோளம். அச்சொல்லே ரொட்டிக்கும் பெயராயிற்று என்பர். ரொட்டி சுடும் மண் ஓட்டுக்கு 'அரிப்போ' என்று பெயருண்டு. அதிலிருந்து வந்தது என்று கூறுவாரும் உளர். தானியத்தால் வந்ததோ, சுடும் ஓட்டால் வந்ததோ, பெயர் அம்மண்ணின் பழங்குடியாருடையது என்பதில் ஐயமில்லை. பிளாரன்சு நகரத்தைச் சேர்ந்த கலேயோத்தோ சேய் என்னும் வணிகர் 1539 முதல் 1553 வரை அமெரிக்க நாடுகளில் திரிந்தவர். விரல் கனமும் தட்டளவு வட்டமும் உள்ள மக்காச்சோள ரொட்டிகளைப் பெண்கள் கொழுப்புத் தடவிய ஓட்டில் இட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுவதைக் கண்டு எழுதி, அதன் பெயர் அரேப்பா என்றும் குறித்துவைத்தார்.

அவருக்கு அப்பெயரைச் சொன்ன பெண் யாரோ! அவளுக்கு இத்தாலிய மொழி தெரிந்திருக்காது. அவர் ஊரில் அதற்கு நிகரான பண்டம் என்ன என்று எண்ணிப் பார்த்துப் பெயரை மாற்றிச் சொல்ல அவளுக்கு வழியில்லை. தனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னாள், அது நின்றுவிட்டது.

குமனாகோட்டோ மொழிக்கு ஸ்பானியப் பாதிரிமார் இலக்கணம் எழுதினர். அது 1683-இல் ஸ்பெயின் நாட்டுப் பர்கோசு நகரில் அச்சாயிற்று. இன்று அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவார் இல்லை. ஆயினும் கோடிக்கணக்கான மக்கள் காலையில் எழுந்தவுடன் அரேப்பா என்று சொல்கிறார்கள். இலக்கண நூல் ஏட்டில் இருக்கிறது; அடுப்படிச் சொல்லோ நாவில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது மக்காச்சோளத்தின் கதை. இன்றைக்கு ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தெற்கு மெக்சிகோவில் காட்டுப்புல் ஒன்றிலிருந்து மக்கள் பயிராக்கிய தானியம் இது. 1492-இல் கொலம்பசு கடல் கடந்த பின்னரே பிற கண்டங்களுக்கு வந்தது. வந்த இடமெல்லாம் அதற்குப் பிழையான சீட்டு ஒட்டினார்கள்! இத்தாலியர் துருக்கித் தானியம் என்றனர். துருக்கியரோ அதை எகிப்து என்னும் நாட்டின் பெயராலேயே அழைக்கின்றனர். நாம் மக்காச்சோளம் என்கிறோம். மக்கா நகரின் பெயரே அதில் இருக்கிறது என்று பலரும் கருதுவர். அனுப்பிய ஊரின் பெயரை யாரும் எழுதவில்லை. பார்சல் ஆபீசில் இப்படி நடந்தால் என் வேலை போய்விடும் என்று மகளிடம் சொன்னேன். இரண்டு வாரத்துக்குப் பின் அன்றுதான் அவள் என்னோடு சிரித்தாள்.

எல்லாப் பொருளும் அப்படி வந்துவிடவில்லை. அன்னாசி என்கிறோமே, அது தென் அமெரிக்கப் பழங்குடியாரின் சொல். போர்ச்சுகீசியர் வாய்வழி நம்மிடம் வந்து, சொந்தப் பெயரோடேயே தங்கிவிட்டது. பொருளோடு பெயரும் பயணம் செய்ய முடியும் என்பதற்கு நம் பழக்கூடையிலேயே சான்று இருக்கிறது.

பேச்சுக்கு வேண்டியவை சேர்ந்தன. பண்டத்தையும் செய்து எடுத்துச் செல்ல வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். கடையில் மக்கா மாவு வாங்கி வந்தேன். என் மனைவி தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்தாள். தட்டும்போதே ஓரமெல்லாம் வெடித்து உதிர்ந்தது. வெந்நீர் விட்டுப் பிசைந்து பார்த்தாள். மெல்லியதாகத் தட்டினால் பஞ்சாபியர் செய்யும் மக்கா ரொட்டி வந்தது. கனமாகத் தட்டினால் உள்ளே வேகாமல் நறநறத்தது.

காரணத்தைத் தேடிப் படித்த பிறகே விளங்கிற்று. நம் கடையில் விற்பது பச்சைத் தானியத்தை அப்படியே அரைத்த மாவு. அரேப்பாவுக்கோ தானியத்தை முதலில் வேகவைக்க வேண்டும். வெந்த தானியத்தில்தான் மாவு ஒன்றோடொன்று ஒட்டும் பசைத்தன்மை உண்டாகும். முற்காலத்தில் வெனிசுவேலாப் பெண்கள் காய்ந்த மக்காச்சோளத்தை மர உரலில் இட்டு, நீர் தெளித்துக் குத்தி, தோலையும் முளையையும் நீக்கி, வேகவைத்து, அரைத்து, அதன் பிறகே தட்டினர். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கை போடுவதும், அத்தாளத்துக்குப் பாடுவதும் உண்டு. நம் முன்னோர் வள்ளைப்பாட்டு என்றது இத்தகைய பாட்டைத்தானே!

இந்த உழைப்பைக் குறைக்க வழிகண்டவர் லூயிஸ் கபயேரோ மெகியாஸ் என்னும் பொறியாளர். முன்னரே வேகவைத்து உலர்த்தி அரைத்த மாவுக்கு அவர் 1954-இல் காப்புரிமை பெற்றார். 1960 டிசம்பரில் போலார் என்னும் பீர் வடிக்கும் நிறுவனம் அவ்வகை மாவைப் 'பான்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்பானிய மொழியில் பான் என்றால் ரொட்டி. யாழ்ப்பாணத்துத் தமிழர் ரொட்டியைப் பாண் என்பது போர்ச்சுகீசியச் சொல்லால் வந்தது. அதுவும் இதுவும் ஒரே வேரின் இரு கிளைகள். அந்த மாவு வந்தபின், நாள் முழுதும் ஆகிய வேலை அரைமணி வேலையாயிற்று. தண்ணீரும் உப்பும் சேர்த்தால் போதும். மாவு மாறிற்று, உரல் போயிற்று, மண் ஓடு போய் இரும்புக் கல் வந்தது. அரேப்பா என்னும் பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த மாவு இட்டார்சிக் கடைத்தெருவில் கிடைக்கவில்லை. நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அப்போதுதான் அன்னையார் எழுந்து வந்தார்.

"உரலில் குத்தித் தோலெடுக்க வேண்டும், அவ்வளவுதானே? கம்பு குத்துகிறவளுக்குச் சோளம் குத்தத் தெரியாதா?" என்றார்.

என் அன்னையார் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊரில் பிறந்தவர். தந்தையாருக்கு இங்கு மாற்றலானபோது ஊரிலிருந்து பார்சலில் வந்த கல்லுரல் எங்கள் கொல்லையில் இன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்தை அதில் இட்டு, நீர் தெளித்து, உலக்கையைப் பிடித்தார். சற்று நேரத்தில் கைமாற்றி என் மனைவி குத்தினாள், பிறகு மகள், பிறகு நானும். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்னையார் சுளகில் இட்டுப் புடைத்துக் காட்டினார். தோலும் முளையும் ஒருபுறம் பறக்க, மஞ்சள் நிறக் குருணை ஒருபுறம் தங்கிற்று. அதை வேகவைத்து, ஆறவிட்டு, அம்மியில் நீர் விடாமல் அரைத்து, உப்புச் சேர்த்துப் பிசைந்தோம். இப்போது உருண்டை வெடிக்கவில்லை. தோசைக்கல்லில் இட்டதும் எழுந்த மணம், சுட்ட சோளக்கதிரின் மணமும் புதுச்சோற்றின் மணமும் கலந்தாற்போல் இருந்தது.

அன்னையார் அரேப்பாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். மகள் அருகில் நின்று, தான் எழுதிவைத்ததைப் படித்துக் காட்டினாள். உள்ளே வைப்பதற்கேற்ப அரேப்பாவுக்கு வெனிசுவேலாவில் வேடிக்கையான பெயர்கள் உண்டு. கறுப்பு அவரையும் வெள்ளைப் பாலாடைக் கட்டியும் வைத்தால் அதன் பெயர் டோமினோ. கறுப்பும் வெள்ளையுமான ஆட்டக்காய் போலிருப்பதால் வந்த பெயர். நாராய் உதிர்த்த மாட்டிறைச்சியும் மஞ்சள் பாலாடைக் கட்டியும் வைத்தால் முடிக்காரி. 1955-இல் அந்நாட்டுச் சுசானா துய்ம் உலக அழகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, கராக்கசு நகரில் அரேப்பாக் கடை வைத்திருந்த சகோதரர்கள் அவரைப் போற்றி ஓர் அரேப்பாவுக்கு அரசி என்று பெயர் சூட்டினர்; கோழிக்கறியும் வெண்ணெய்ப்பழமும் வைத்த அவ்வகைக்கு இன்றும் அதுவே பெயர்.

"உள்ளே ஒன்றுமே வைக்காத அரேப்பாவுக்கு வியூதா என்று பெயராம். அப்படி என்றால் என்ன அப்பா?" என்று கேட்டாள்.

நான் முதல் நாளே அதன் பொருளைப் படித்திருந்தேன். படித்தும் மகளிடம் சொல்லாமல் கடந்துவிட்டேன். இப்போது விடை சொல்லாமல் நின்றேன்.

"என்னவாம் தம்பி?" என்றார் அன்னையார், கல்லைப் பார்த்தபடியே.

"கைம்பெண் என்று பொருள் அம்மா."

கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட்டார். "ஏன் அப்படிச் சொல்கிறார்களாம்?"

"உள்ளே வேறொன்றும் இல்லாமல் தனியாக இருக்கிறதாம், அதனால்."

"தனியாக இருந்தால் தின்னமாட்டார்களாமோ?"

மகள் தாளைப் புரட்டிப் பார்த்து, "இல்லை ஆச்சி, கறியோடும் குழம்போடும் தொட்டுக்கொள்ள அதைத்தான் வைப்பார்களாம்" என்றாள்.

"அப்படியானால் எல்லார் தட்டுக்கும் அதுதான் போகிறது. எனக்கு அதையே போடு தாயி. நேற்றைய புளிக்குழம்பு இருக்கிறது" என்றார் அன்னையார்.

அன்று காராமணிச் சுண்டலும் பன்னீரும் வைத்து டோமினோ செய்யத்தான் திட்டம். அவற்றைப் பள்ளிக்கென ஒதுக்கிவைத்துவிட்டு, நாங்கள் நால்வரும் வெறும் அரேப்பாவைப் புளிக்குழம்பில் தோய்த்து உண்டோம். அன்னையார் தாமாகவே பேசத் தொடங்கினார். மகளுக்கு அதுவரை யாரும் சொல்லாத கதையைச் சொன்னார்.

என் தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானார். அப்போது எனக்கு வயது 17. வாரிசு என்ற முறையில் எனக்கு வேலை தர விதியிருந்தது. ஆனால் 18 நிரம்ப வேண்டும், பத்தாம் வகுப்புத் தேற வேண்டும். இரண்டும் நிறைவேறி உத்தரவு கைக்கு வர 14 மாதங்கள் ஆயின. அந்நாளில் அன்னையாருக்கு இந்தி தெரியாது. மனுக்களில் எல்லாம் அவர் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற இன்னாரின் விதவை' என்ற சொற்களே இருக்கும். எங்கே கையெழுத்திடச் சொன்னார்களோ அங்கே இட்டுவிட்டு வருவார். ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று உறவினர் கூறினர். அவர் போகவில்லை. விடியற்காலையில் அரிசியும் பருப்பும் மிளகாயும் அரைத்து, அடை வார்த்து, குடியிருப்பு வரிசைகளில் கொண்டுபோய் விற்றார். அந்த அடைதான் 14 மாதம் எங்களைக் காத்தது.

"அப்போது அதை என்ன சொல்லி விற்றீர்கள் ஆச்சி?" என்று கேட்டாள் மகள்.

"அடை என்று சொல்லித்தான். எனக்கு வேறு சொல் தெரிந்தால் அல்லவா சொல்ல! முதல் வாரம் அவர்களும் சிரித்தார்கள். அடுத்த வாரம் காசு கொடுத்தார்கள்" என்றார் அன்னையார்.

அவ்வரிசையில் இன்றும் இருக்கும் முதிய பெண்டிர் அவரை 'அடைவாலி அம்மா' என்றே அழைக்கின்றனர். தாளில் விதவை என்று எழுதப்பட்டவருக்கு, அடை ஒரு பெயரைத் தேடித் தந்தது. அதனால்தான் சீலா என்று கேட்டதும் எனக்கு அத்தனை சினம் வந்தது. ஆனால் சினந்தேனேயன்றி, அதன் காரணத்தை மகளுக்கு நான் சொன்னதுண்டா? தெரியாத கதைக்கு அவள் எப்படிக் காவலிருப்பாள்? அது மட்டுமா? அன்னையார் எனக்குக் கொடுத்தனுப்பும் கம்பஞ்சோற்றை, ஆபீசில் உடன் உண்பவர் கேட்டால் "பாஜ்ரா கிச்சடி" என்று நானே இத்தனை ஆண்டாகச் சொல்லிவருகிறேன். மகள் யாரிடம் கற்றாள் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

வெனிசுவேலாவில் 'அரேப்பாவைச் சம்பாதிப்பது' என்றால் வயிறு வளர்க்கப் பாடுபடுவது என்று பொருள். அந்நாட்டில் 2014-க்குப் பின் ஏற்பட்ட பொருளாதார, அரசியல் நெருக்கடியால் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிழைப்புத் தேடி வெளியேறினர். பெரும்பாலோர் கொலம்பியா, பெரு, சிலி போன்ற தென் அமெரிக்க நாடுகளுக்கே சென்றனர். போன ஊர்களிலும் அவர்கள் அரேப்பா சுட்டு விற்கிறார்கள். அரேப்பா என்று சொல்லியே விற்கிறார்கள். அதைப் படித்தபோது தலையில் பாத்திரத்தோடு குடியிருப்பு வரிசையில் நடந்த என் அன்னையார்தான் என் கண்முன் நின்றார்.

மறுநாள் மகள் இரண்டு பாத்திரங்களோடு பள்ளிக்குப் போனாள். ஒன்றில் அரேப்பா, மற்றொன்றில் அடை. மாலையில் வந்து நடந்ததைச் சொன்னாள். குமனாகோட்டோ மக்களைப் பற்றியும் மக்காச்சோளத்தின் பிழையான சீட்டுகளைப் பற்றியும் பேசினாளாம். இறுதியில் இரண்டாம் பாத்திரத்தைத் திறந்து, "இதை நான் சீலா என்று சொல்லிவந்தேன், இது சீலா அன்று. இதன் பெயர் அடை. அரிசியும் பருப்பும் சேர்ந்தது. என் ஆச்சி இவ்வூரில் விற்றது" என்றாளாம்.

"சிரித்தார்களா?" என்று கேட்டேன்.

"இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன் இன்னும் சீலா என்றுதான் கேட்கிறான். அடை என்று கேட்டால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன்" என்றாள்.

இதை நம் சங்கத்துத் தமிழாசிரியர் ஒருவரிடம் சொன்னேன். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மதுரைக்காஞ்சியிலேயே 'மெல்லடை' என்னும் பண்டத்தின் பெயர் வருகிறது என்று அவர் கூறினார். இன்று நாம் அடையில் சேர்க்கும் வற்றல் மிளகாய் அந்நாளில் இல்லை. அதுவும் மக்காச்சோளத்தைப் போல அமெரிக்காவிலிருந்து பின்னாளில் வந்ததே. பண்டத்தில் சேரும் பொருள் காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும், மாறினால் குற்றமில்லை. இட்டார்சியில் கிடைக்கும் பருப்பில்தான் நாம் அடை வார்க்க முடியும். பெயரோ கடையில் வாங்கும் சரக்கன்று. வார்ப்பவர் சொல்லிப் பரிமாறினால் இருக்கும். இல்லையேல் ஒரு தலைமுறையில் போய்விடும்.

அயலார் பெயரை நாம் இகழவேண்டுவதில்லை. சீலாவும் நல்ல பண்டமே. அதைச் செய்பவர் அதற்கு இட்ட பெயரால் அதை உண்போம். அதே மரியாதையை நம் வீட்டுப் பண்டத்துக்கும் கொடுப்போம். பிள்ளைகள் பெயரை மாற்றிச் சொன்னால் என்னைப் போல் சினவாதீர்கள். அப்பண்டத்தை உங்கள் வீட்டில் யார் செய்தார், எந்த நாளில் செய்தார், அது யார் பசியைத் தீர்த்தது என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். சொல்வதற்கு வீட்டில் முதியோர் இருந்தால் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

நானும் திருந்திக்கொண்டேன். சென்ற வாரம் ஆபீசில் பாத்திரத்தைத் திறந்தபோது, எதிரில் இருந்தவர் வழக்கம்போல், "இன்றைக்கும் பாஜ்ரா கிச்சடியா?" என்று கேட்டார். "கம்பஞ்சோறு" என்றேன். அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை சரியாகவே வந்தது. பிறகு ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார்.